மூணாம் நாற்காலியின் உயரம்

"நிமிர்ந்து உக்காருங்க சார்" என்று நாளைக்கு நாற்பது தடவை சொல்கிறவர் அவர். தான் நிமிர்ந்து நின்று எத்தனை வருஷம் ஆகிறது என்று மட்டும் அவர் ஒருநாளும் யோசித்ததில்லை.

முடிவெட்டும் கடை. மூன்று நாற்காலிகள். வாசலிலிருந்து எண்ணினால் கடைசி நாற்காலி அவருடையது. கல்லாவில் உட்கார்ந்திருக்கும் முதலாளி ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். "மூணு, ஆள் வந்தாச்சு" என்பார். ஒரு மனிதனைச் சாமானுக்கு நம்பர் போடுவதுபோல அழைக்கிறோமே என்ற கூச்சம் அவருக்கு இருந்ததே இல்லை. ஆனால் வாடிக்கையாளர்கள் அந்த நம்பரையும் விடவில்லை. அதோடு ஓர் அண்ணனை ஒட்டவைத்து "மூணண்ணே" ஆக்கிவிட்டார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் வீட்டுக்காரம்மாகூடச் சில நேரம் வாய் தவறி அப்படிக் கூப்பிட்டு, பிறகு சிரித்துக்கொள்வாள்.

நல்ல கை மூணண்ணனுக்கு. கிருதாவை இரண்டு பக்கமும் ஒரே அளவில் நிறுத்த அவருக்கு அளவுகோல் தேவையில்லை. அழுகிற குழந்தையை அவரிடம்தான் அனுப்புவார்கள். கத்தரிக்கோலைக் குழந்தையின் காதருகே சும்மா நாலு தடவை வெட்டி, "பாத்தியா, காத்தை வெட்டிட்டேன். உன் முடிக்கு இன்னும் நேரம் வரல" என்பார். குழந்தை காற்றைத் தேடித் திரும்புவதற்குள் பாதித் தலை முடிந்திருக்கும்.

வலி முதலில் வலது தோளின் நுனியில் ஒரு முள்ளாக வந்தது. பவுடர் டப்பாவை எட்டி எடுக்கும்போது மட்டும் குத்தியது. டப்பாவைக் கீழ்த் தட்டில் வைத்துக்கொண்டார். பிறகு சட்டை மாட்டும்போது குத்தியது. வலது கையை முதலில் நுழைத்து, இடது கையைப் பின்னால் விடப் பழகிக்கொண்டார். வலப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை, இடப்பக்கம் மாறினார். இப்படி அந்த வலி ஒரு தச்சனைப்போல வந்து, வீட்டிலும் கடையிலும் அவருக்கு வேண்டிய சாமான்களையெல்லாம் ஓரடி கீழே இறக்கி வைத்துவிட்டுப் போயிற்று. சாமான் இறங்க இறங்க அவரும் இறங்கினார்.

வைத்தியத்துக்குக் குறைவில்லை. முடிவெட்டும் நாற்காலியில் உட்கார்ந்தால் எல்லோரும் வைத்தியராகிவிடுகிறார்கள். வங்கிக் குமாஸ்தா "இது வாயு" என்று தீர்ப்புச் சொன்னார். பஸ் டிரைவர் "உங்க கைத்திறமை மேல கண்ணு பட்டிருக்குண்ணே" என்று ஒரு கறுப்புக் கயிறு கொண்டுவந்து கட்டிவிட்டார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் செம்புக் காப்பு ஒன்றைத் தந்தார். அந்தக் காப்பு முதல் நாளே ஒருவர் தலைமுடியில் சிக்கிக்கொண்டது. அவர் போட்ட கூச்சலில் அடுத்திருந்த ஆளும் பாதித் தலையோடு எழுந்துவிட்டார். எண்ணெய் தேய்த்துச் சுளுக்கெடுப்பவர் ஒருவரிடமும் போனார். அந்த ஆள் கையைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தார். மூன்று நாள் சோற்றை இடது கையால் பிசைய வேண்டியிருந்தது.

வாயு, கண், கயிறு, காப்பு. இத்தனை பேர் இத்தனை சொன்னார்களே, அந்தக் கை நாளெல்லாம் என்ன வேலை செய்கிறது என்று ஒருவராவது கேட்டாரா? உழைக்கிறவனுக்கு வலி வந்தால் கண்ணில் படாததன்மேல் பழியைப் போட்டுவிடுவது எல்லோருக்கும் வசதி. கண்ணெதிரே இருப்பதன்மேல் போட்டால் யாராவது எழுந்து அதை நகர்த்த வேண்டிவருமே.

ஒருநாள் பிடரியில் கத்தரிக்கோல் ஓட்டிக்கொண்டிருந்தபோது கை சட்டென்று விட்டுப்போயிற்று. கத்தரிக்கோல் நழுவி வாடிக்கையாளர் மடியில் விழுந்தது. காயமில்லை. ஆனால் முதலாளி பார்த்துவிட்டார். மதியம் கூப்பிட்டார்.

"பள்ளிக்கூடம் திறக்க இருபது நாள் இருக்கு மூணு. கூட்டம் தாங்காது, உமக்கே தெரியும். அதுக்குள்ள கை சரியானா நல்லது. இல்லேன்னா அந்த நாற்காலிக்கு வேற ஆள் போட்டுடறேன்."

"அப்போ நான், முதலாளி?"

"துண்டு துவைக்க, தரை கூட்ட ஆள் வேணுமே. உம்மை விட்டுடுவேனா நான்?"

தானம் செய்கிற முகத்தோடுதான் அதைச் சொன்னார். இருபத்திரண்டு வருஷம் தலைகளைச் செதுக்கிய கை, அந்தத் தலைகள் உதிர்த்த முடியைக் கூட்டலாம் என்பது அவர் கணக்கில் கருணை.

வீட்டில் அவர் இதைச் சொல்லவில்லை. சொல்லாமலே ஏதோ கோளாறு என்று வீட்டுக்காரம்மாவுக்குத் தெரிந்தது, ஆனால் வேறு வழியாக. அவள் சீருடை தைக்கும் பட்டறையில் துணி வெட்டுகிறவள். கழுத்தில் அளவு நாடா இல்லாமல் அவளைப் பார்ப்பது அபூர்வம். அவருக்கு வருஷத்துக்கு ஒரு சட்டை அவளே தைப்பாள். அன்று அளவெடுத்தவள் நாடாவை இரண்டு முறை வைத்துப் பார்த்தாள். பிறகு தன் அளவு நோட்டைப் புரட்டினாள்.

"என்னங்க, உங்களுக்கு முதுகு வளருது, நெஞ்சு சுருங்குது."

"வயசு நாப்பத்தாறு ஆச்சும்மா. இனிமே எங்க வளர?"

"விளையாடாதீங்க. பதினோரு வருஷம் முன்னாடி முதுகு அகலம் பதினேழு. இப்போ பதினெட்டரை. நெஞ்சு அகலம் பதினாறு இருந்தது, பதினாலே முக்கால்ல நிக்குது. உடம்பு பெருத்தா ரெண்டும்ல பெருக்கணும்? நீங்க முன்னாடி மடங்கிட்டே வர்றீங்க. இப்படியே போனா அடுத்த சட்டையை ஆமைக்குத் தைக்கற மாதிரிதான் தைக்கணும்."

அவர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது. அப்போதுதான் இருபது நாள் விஷயம் வெளியே வந்தது.

அவள் அழவில்லை, முதலாளியையும் திட்டவில்லை. நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டாள். "நாளைக்குக் காலைல அரசு ஆஸ்பத்திரி. கயிறு கட்டினவங்க, காப்பு போட்டவங்க எல்லாரும் பாத்தாச்சு. படிச்சவங்க ஒருத்தர் பாக்கட்டும்."

மருத்துவர் தோளை அசைத்துப் பார்த்துவிட்டு, எலும்பில் கோளாறில்லை என்று பிசியோதெரபி அறைக்கு அனுப்பினார். அங்கே இருந்த பெண்ணுக்கு வயது முப்பதுகூட இருக்காது.

"என்ன வேலைங்கய்யா?"

"முடி வெட்டறேன் டாக்டரம்மா."

"நான் டாக்டர் இல்ல, பிசியோதெரபிஸ்ட். எங்க, வெட்டிக் காட்டுங்க."

"யாருக்கு?"

"இவங்களுக்கு." கூட வந்தவளை ஒரு நாற்காலியில் உட்காரவைத்தாள்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் மனைவியின் தலையில் அவர் கைவைத்ததில்லை. வெட்கத்தோடு சீப்பை எடுத்துக் காற்றில் வெட்டத் தொடங்கினார். அந்தப் பெண் அவர் கையைப் பார்க்கவே இல்லை. பக்கவாட்டில் போய் நின்று கழுத்தையும் முதுகையுமே பார்த்தாள்.

"போதும். இப்போ நான் சொல்றதைச் செய்யுங்க. நல்லாக் கூனிக்கிட்டு உக்காருங்க. இன்னும் கூனுங்க. அப்படியே வலது கையை மேல தூக்குங்க."

கை தோள் மட்டத்தில் முட்டி நின்றது. முள் குத்தியது.

"இறக்கிடுங்க. இப்போ முதுகை நிமிர்த்துங்க. நெஞ்சை விரிங்க. தாடையை உள்ள இழுங்க, ரெட்டைத் தாடை வர்ற மாதிரி. ம். இப்போ தூக்குங்க."

கை காதுவரை போயிற்று.

மூணண்ணன் தன் கையையே அண்ணாந்து பார்த்தார், வேறு யாருடைய கையோ என்பதுபோல. அவருடைய வீட்டுக்காரம்மா இருந்த இடத்திலேயே குனிந்து கையைத் தூக்கிப் பார்த்தாள், பிறகு நிமிர்ந்து தூக்கிப் பார்த்தாள். "அட, எனக்கும்தான்!" என்றாள்.

"நான் உங்க கையைத் தொடவே இல்ல, பாத்தீங்களா?" என்றாள் அந்தப் பெண். "தோள் எலும்புக்கு மேல கூரை மாதிரி ஒரு எலும்பு இருக்கு. நடுவுல கொஞ்சம் இடம். தசைநார் அந்த இடத்துலதான் போய் வருது. நீங்க கூனும்போது கூரை இறங்கிடுது. இறங்கின கூரைக்கடியில நாளெல்லாம் கையைத் தூக்கினா உரசாம என்ன செய்யும்? புண்ணாகாம என்ன செய்யும்?"

அவர் வாழ்க்கையில் அவருடைய உடம்பை யாராவது அவருக்கே விளக்கியது அதுதான் முதல் தடவை. கயிறு கட்டினால் நம்பித்தான் தீரவேண்டும். இதை அவரே தூக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

அவள் பயிற்சிகள் சொன்னாள். பின்மண்டையும் முதுகும் பிட்டமும் சுவரைத் தொட நின்று, முழங்கையை மடித்து, வலிக்காத உயரம்வரை கைகளைச் சுவரோடு மேலே வழுக்கி இறக்க வேண்டும். முதுகுச் சிறகெலும்பு இரண்டையும் நடுவில் ஒரு பென்சிலைப் பிடிப்பதுபோல நெருக்கி, ஐந்து எண்ணி விட வேண்டும். வாசல் நிலையின் இரண்டு பக்கமும் முன்கைகளை ஊன்றி, ஒரு காலை முன்னே வைத்து நெஞ்சு இழுபடச் சாய வேண்டும். ஒவ்வொரு தலைக்கும் அடுத்த தலைக்கும் நடுவில் ஒரு நிமிஷமாவது இதில் ஏதாவது ஒன்று. வேலையில் முழங்கை விலாவைவிட்டு அதிகம் போகக்கூடாது. கையை நீட்டுவதற்குப் பதிலாகக் காலை நகர்த்திச் சுற்றி வர வேண்டும். வலி கூடினால் நிறுத்திவிட்டு வந்து சொல்ல வேண்டும்.

"இது பாதிதான். மீதி உங்க நாற்காலில இருக்கு. ஏறி இறங்குமா அது?"

"ஏறும். கால்மிதி இருக்கு."

"உக்காந்தவங்க தலை உங்க நெஞ்சுக்கு நேரா வர்ற மாதிரி ஏத்திக்க வேண்டியதுதானே? ஏன் இவ்வளவு குனியறீங்க?"

"ஏத்தினா அவங்க முகம் கண்ணாடில தெரியாதும்மா."

"அப்போ கண்ணாடியை ஏத்துங்க."

மூணண்ணன் அவளைப் பார்த்தார். ஆஸ்பத்திரியைத் தூக்கி அடுத்த தெருவில் வைக்கச் சொன்னதுபோல இருந்தது அவருக்கு.

இங்கே அந்தக் கண்ணாடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூன்று நாற்காலிக்கும் சேர்த்து ஒரே நீளக் கண்ணாடி, பழுப்பு மரச்சட்டம் போட்டது. முதலாளியின் அப்பா காலத்தில் மாட்டியது. ஏறி இறங்கும் நாற்காலிகள் பதினோரு வருஷம் முன்னால் வந்தன. வந்த அன்றே ஒன்றை மிதித்து ஏற்றிப் பார்த்தார்கள், உட்கார்ந்தவரின் தலை கண்ணாடிக்கு மேலே போய்விட்டது. கீழே இறக்கினார்கள். அதற்குப் பிறகு யாரும் கால்மிதியைத் தொடவில்லை. கண்ணாடிக்காக நாற்காலி தாழ்ந்தது, நாற்காலிக்காக மூன்று மனிதர்கள் தாழ்ந்தார்கள்.

பயிற்சியை அவர் விடவில்லை. வீட்டுச் சுவரில் ஒட்டி நின்று கைகளை ஏற்றி இறக்குவார். "யாராவது துப்பாக்கி காட்டினாங்களா?" என்பாள் வீட்டுக்காரம்மா. கடை வாசலில் நிலையைப் பிடித்துச் சாய்வார். "காத்து மறைக்குது மூணு" என்பார் முதலாளி. காலையில் தோள் லேசாக இருந்தது. மாலையில் பழைய முள் திரும்பிவிடும். இருபது நிமிஷம் நிமிர்த்தியதை எட்டு மணி நேரம் மடக்கினால் பிறகென்ன?

பத்தாம் நாள் துணிந்து கேட்டார்.

"முதலாளி, கண்ணாடியை ஒரு பத்து அங்குலம் ஏத்தி மாட்டினா..."

"என்னது?"

"நாற்காலியை ஏத்திக்கலாம். குனிய வேண்டாம்."

"அது அப்பா கையால மாட்டின கண்ணாடி. அது அங்க இருக்கறதாலதான் கடை ஓடுது. அசைச்சா யோகம் போயிடும். வெட்ட முடியலேன்னா முடியலேன்னு சொல்லும்."

"கடை ஓடறது நாங்க நிக்கறதாலதான் முதலாளி" என்ற பதில் மூணண்ணனுக்கு வந்தது. இரண்டு மணி நேரம் கழித்து, பஸ் நிறுத்தத்தில் வந்தது.

மறுநாள் பின்பக்கக் குழாயடியில் துண்டு அலசிக்கொண்டே ரெண்டாம் நாற்காலிக்காரரிடம் சொன்னார். எப்போதும் விசிலடிக்கும் ஆள் அவர். விசில் நின்றது. சட்டைப் பொத்தான் இரண்டைக் கழற்றித் தோளைக் காட்டினார். வலி பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

"எப்பத்திலிருந்து தம்பி?"

"ரெண்டு வருஷம். யார்கிட்டயும் சொல்லிடாதீங்கண்ணே. அப்புறம் நானும் துடைப்பம்தான்."

அங்கே வந்து நின்ற முதல் நாற்காலிக்காரர், கடையிலேயே மூத்தவர், காலரைக் கீழே இழுத்துக் கழுத்தைக் காட்டினார். அதே பிளாஸ்திரி. மூணண்ணன் தன்னுடையதையும் காட்டினார். ஒரே கம்பெனிப் பிளாஸ்திரியை மூன்று பேரும், மற்றவனுக்குத் தெரிந்துவிடக்கூடாதென்று, மூன்று வேறு தெருவில் போய் வாங்கியிருக்கிறார்கள்.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ரெண்டுதான் முதலில் சிரித்தார். பிறகு குழாயை மூட மறந்து, மூவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். வலியை மறைப்பதற்கு அவர்கள் பட்ட பாட்டில் பத்திலொரு பங்கு பட்டிருந்தால் கண்ணாடியை எப்போதோ மேலே மாட்டியிருக்கலாம். ஒவ்வொருவனும் தன் குறை என்று ஒளித்துவைத்த ஒன்று, சுவரில் மாட்டிய ஒரு சாமானின் குறையாக இருந்தது.

"ஞாயித்துக்கிழமை" என்றார் மூத்தவர்.

ஞாயிறு காலை முதலாளி வருவதற்கு முன்பே மூன்று நாற்காலியும் நிறைந்தன. முதலில் தலைமையாசிரியர், நடுவில் வங்கிக் குமாஸ்தா, கடைசியில் பஸ் டிரைவர். மேல்துணி போர்த்தியாயிற்று. மூத்தவர் இருமினார். மூன்று கால்கள் ஒரே நேரத்தில் மிதித்தன. பதினோரு வருஷத் துருவோடு மூன்று நாற்காலிகளும் கிறீச்சிட்டுக்கொண்டு மேலே எழும்பின.

"என்னய்யா இது, மேல போகுது?" என்றார் குமாஸ்தா.

"ஒண்ணுமில்ல சார். நிமிர்ந்து உக்காருங்க."

"என் தலை எங்க?"

கண்ணாடியில் மூன்று வெள்ளைத் துணிகள் தெரிந்தன. துணிகளுக்கு மேலே மூன்று தாடைகள். அதற்கு மேலே மரச்சட்டம்.

"தலை பத்திரமா இருக்கு சார். நான் பாத்துக்கறேன்" என்றார் ரெண்டு.

"நான் பாக்க வேண்டாமாய்யா? எனக்குச் சாயங்காலம் பொண்ணு வீட்டுக்காரங்க வர்றாங்க!"

மூணண்ணன் வெட்டிக்கொண்டிருந்தார். டிரைவரின் தலை அவர் நெஞ்சுக்கு நேராக இருந்தது. முழங்கை விலாவோடு இருந்தது. முள் குத்தவில்லை. குத்தும் குத்தும் என்று ஒவ்வொரு வெட்டுக்கும் காத்திருந்தார். குத்தவில்லை.

முதலாளி உள்ளே நுழைந்தார். தலையில்லாத மூன்று பேரைக் கண்ணாடியில் பார்த்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுவிட்டார்.

"யாரைக் கேட்டு ஏத்தினீங்க? இறக்குங்க!"

"இறக்கினா எங்களால வெட்ட முடியாது முதலாளி" என்றார் மூத்தவர். "எனக்குக் கழுத்து. இவனுக்குத் தோள். மூணுக்கும் தோள்." மூவரும் பிளாஸ்திரியைக் காட்டினார்கள். "மூணு பேரையும் தரை கூட்ட வச்சுட்டா வெட்டறது யாரு?"

"அதுக்காக அப்பா மாட்டின கண்ணாடியை..."

அப்போது முதல் நாற்காலியிலிருந்து தாடை பேசியது.

"உங்கப்பாவை எனக்கு நல்லாத் தெரியும்" என்றார் தலைமையாசிரியர். "என் தோள் உயரம்தான் இருப்பார். ஒரு குட்டை முக்காலில எங்களை உக்கார வச்சு, தான் நிமிர்ந்து நின்னு வெட்டுவார். கண்ணாடி ஏன் இவ்வளவு கீழ இருக்குன்னு நானே ஒருநாள் கேட்டேன். 'வெட்டறவன் நான், என் உயரத்துக்கு எது தோதோ அங்கதான் மாட்டுவேன்'னார். அவர் யோகம் பாத்து மாட்டலை. தன் உடம்பைப் பாத்து மாட்டினார். நீங்க கண்ணாடியை வச்சுக்கிட்டு அவர் புத்தியை விட்டுட்டீங்க."

முதலாளி அப்போதுதான் செருப்பைக் கழற்றினார்.

"அதை மேலதான் மாட்டித் தொலைங்களேன்" என்றார் குமாஸ்தா. "என் கிருதா என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியணும்."

மதியம் கடையைச் சாத்திவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்கள். பஸ் டிரைவரும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்திருந்தார். மூணண்ணனைத் தூக்கவிடவில்லை, அடியில் தாங்கச் சொன்னார்கள். முதலாளி ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு, "பாத்து, பாத்து" என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். கண்ணாடிக்குப் பின்னால் பழைய நீலச் சாயம் இருந்தது. செத்த சிலந்தி ஒன்று, பல் உடைந்த சீப்பு ஒன்று. யோகம் என்று எதுவும் ஒளிந்திருந்ததாகத் தெரியவில்லை. பத்தங்குலம் மேலே மாட்டினார்கள். கீழ்ச்சட்டத்தைத் தாங்கிய பழைய ஆணிகள் வெளியே தெரிந்தன. மூன்றாவது ஆணியில் மூணண்ணன் செம்புக் காப்பைக் கழற்றி மாட்டினார். தலைமையாசிரியர் கொடுத்ததைத் தூக்கிப்போட அவருக்கு மனசில்லை.

பதினெட்டாம் நாள். பள்ளிக்கூடம் திறக்க இன்னும் இரண்டே நாள். காலையில் முதலாளி கல்லாவைவிட்டு எழுந்து வந்தார். மூணாம் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வெட்டும், பாக்கலாம்."

மூணண்ணன் மேல்துணியைப் போர்த்தினார். கால்மிதியை நாலு மிதி மிதித்தார். தன் சிறகெலும்புகளை ஒருமுறை நெருக்கி விட்டார். முதலாளியின் முதுகைப் பார்த்தார். கல்லாவில் உட்கார்ந்தே வளைந்த முதுகு அது.

"நிமிர்ந்து உக்காருங்க முதலாளி."

சொன்னபோதுதான் தன் காதிலேயே விழுந்தது, இருபத்திரண்டு வருஷத்தில் முதலாளியிடம் நிமிர்ந்து நின்றபடி அதைச் சொல்வது இப்போதுதான் என்று. கையை நீட்டவில்லை, காலை நகர்த்தி நாற்காலியைச் சுற்றி வந்தார். உச்சியை வெட்டும்போது மட்டும் முள்ளின் நுனி லேசாக உரசியது, நின்றது. கிருதா இரண்டும் ஒரே அளவில் நின்றன. முதலாளி கண்ணாடியில் இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். நெஞ்சை விரித்துக்கூடப் பார்த்துக்கொண்டார்.

"நாளைக்குக் கூட்டம் ஜாஸ்தியா இருக்கும். சீக்கிரம் வந்துடும்" என்றார். எழுந்துபோகும்போது வாசல் நிலையில் இரண்டு கைகளையும் ஊன்றி ஒரு நிமிஷம் சாய்ந்து நின்றார். காற்றை மறைக்கிறீர்கள் என்று யாரும் சொல்லவில்லை.

அன்று மாலை வீட்டில் அவள் புதுச்சட்டையைப் போட்டுவிட்டாள். அந்தப் பதினெட்டரை முதுகுக்கு வெட்டிய சட்டை. பின்னால் ஒரு பிடி துணி தொளதொளவென்று நின்றது. நெஞ்சில் பொத்தான் இழுத்துக்கொண்டு நின்றது.

"இருங்க." நாடாவை எடுத்தாள். முதுகில் வைத்தாள். மறுபடி வைத்தாள். "அரை அங்குலம் குறைஞ்சிருக்கு."

"நல்லதுதானே?"

"என்ன நல்லது? இவ்வளவு துணியை வீணடிச்சுட்டீங்களே! கழட்டுங்க, பிரிச்சுத் தைக்கணும்."

திட்டிக்கொண்டே அவள் பொத்தான்களைக் கழற்றினாள். நாடா இன்னும் அவர் முதுகைச் சுற்றித்தான் இருந்தது. அதை எடுக்க அவளுக்கும் அவசரமில்லை, அவருக்கும் இல்லை.